காலையில் கோயில், அதற்குப் பிறகு கல்லறை

நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும். ரெலிபோன் என்றால் இன்னும் மோசம். முகம் தெரியாத குரலுக்கு என்னத்தைச் சொல்வது? அப்படிப்பட்ட நான் ஒரு கிழமைக்குள் எட்டு வீடுகளுக்கு ரெலிபோன் எடுத்து, எகிப்து தேசத்தில் செத்துப்போன ராசாக்களைப் பற்றிக் கதைத்தேன். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சிரிப்புத்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை. அப்போது நானும் மகனும் மருமகளும் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் பதினோராம் மாடியில் இருந்தோம். என் மருமகள் விமான ரிக்கற் விற்கும் கடையொன்றில் வேலை செய்தாள். சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு கனடாவுக்கு வந்து, இங்கேயே படித்தவள். கெட்டிக்காரி. தமிழும் நன்றாகக் கதைப்பாள்.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போக வழியில்லாத காலம் அது. வயதான எங்கள் ஆட்கள் சிதம்பரம், மதுரை என்று இந்தியாவுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார்கள். மருமகள் ஒரு யோசனை கண்டுபிடித்தாள். போகிற வழியில் கெய்ரோவில் இறங்கி இரண்டு நாள் தங்குவது. அதில் ஒரு நாள் சின்ன விமானம் ஏறி லக்சோருக்குப் போய், தனி வான் வண்டி, தனி வழிகாட்டி வைத்து, பழைய கோயில்களையும் ராசாக்களின் கல்லறைகளையும் பார்த்துவிட்டு வருவது. கடை முதலாளி கேட்டுவிட்டு, “மாசி முடியிறதுக்குள்ள எட்டுப் பேரைச் சேர்த்துக் காட்டும். சேர்த்தால் இனிச் சுற்றுலா வேலை முழுக்க உம்மட பொறுப்பு. சேராட்டில் பழையபடி ரிக்கற் அடிக்க வேண்டியதுதான்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இல்லை. சாப்பாட்டு மேசையிலும் எகிப்துதான்.

அவளுக்கு நல்ல காலம், அந்த லக்சோர் வழிகாட்டியே தமக்கையைப் பார்க்கப் பக்கத்து நகரமான விட்பிக்கு வந்திருந்தார். எகிப்துக்காரர், நாற்பது வயதிருக்கும், நல்ல உயரம், சிரித்த முகம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடி மண்டபத்தில் அவரைக் கொண்டு படக்காட்சி வைத்தாள். என்னுடைய வெள்ளைப் போர்வைதான் திரை. நான் உழுந்து வடை சுட்டுக்கொண்டுபோய், தேத்தண்ணிக் கேத்தலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மருமகள் பேசிப் பிடித்துவைத்த எட்டுப் பேரும் வந்திருந்தார்கள்.

முதலில் கோயில் படங்கள். அம்மாடி, என்ன தூண்கள்! பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத தூண்கள். ஒரு படத்தில் திருக்குளம். இன்னொன்றில் சுவாமியை வள்ளத்தில் வைத்து ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு போகிற மாதிரிச் சுவரில் கொத்தியிருந்தது.

“உதென்ன, திருவிழாவே?” என்று ஆறாம் மாடி அக்கா கேட்டா. என்னைவிட இரண்டு வயது மூத்தவ. கட்டடத்தில் அவவுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

மருமகள் இங்கிலிசில் கேட்டுச் சொன்னாள். “ஓம் அன்ரி. வரியத்துக்கு ஒருக்கா சுவாமி ஊர்வலம் போறவராம்.”

“எங்கட கோயில் மாதிரித்தான் கிடக்கு!” என்று அக்கா கும்பிட்டே விட்டா. மூன்றாம் மாடியில் இருந்த மாஸ்டர், ஊரில் சரித்திரம் படிப்பித்தவர், வடையும் கையுமாக எழும்பி நின்று, “நாகரிகமெண்டால் எல்லா இடமும் ஒண்டுதான்” என்று சின்னப் பிரசங்கம் வைத்தார். எல்லாருக்கும் ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்தது கல்லறைகள். மலையைக் குடைந்து கீழே கீழே இறங்குகிற படிகள். சுவர் முழுக்க நிறம் மங்காத படங்கள். ஒரு இளம் ராசாவின் உடல் இன்னும் உள்ளே அப்படியே இருக்கிறதாம். மருமகள் உற்சாகத்தோடு அன்றைய ஒழுங்கை வாசித்தாள். “விடிய வெள்ளன கல்லறையள். வெயில் ஏற முதல் பாத்து முடிச்சிடலாம். மத்தியானச் சாப்பாடு. பிறகு ஆறுதலா கோயில்.”

சபை அப்படியே அமர்ந்துபோயிற்று. அக்கா தன் கைப்பையைத் திறந்து மூடினா. மாஸ்டர் கதிரையில் இருந்துவிட்டார். பிள்ளை கதையைக் கெடுத்துப்போட்டாளே! ஆனால் படித்த பெண்ணுக்கு, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் என்ன சொல்வது? அதுவும் ஒரு வெளிநாட்டு மனிசனுக்கு முன்னால்? வெறும் கோப்பைகளை அடுக்கினேன்.

திங்கட்கிழமை முதல் ரெலிபோன் அடிக்கத் தொடங்கிற்று. மருமகள் வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் நான்தான். சொல்கிறதையெல்லாம் சுவரில் தொங்கிய கலண்டரில் குறித்துவைத்தேன். ஒருவருக்குச் சொந்தத்தில் கலியாணம். ஒருவருக்குப் பாஸ்போட்டைக் காணவில்லை. ஒருவருக்குத் தலைச்சுற்று. மாஸ்டருக்கு முழங்கால் நோ. ஆறாம் மாடி அக்காவுக்கு, பால் தயிர் வைக்கிற பிறிட்ஜ் பழுது.

“பிறிட்ஜ் பழுதெண்டால் எகிப்துக்குப் போகேலாதோ?” என்று மகன் கலண்டரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். மருமகள் சிரிக்கவில்லை. புதன்கிழமை எட்டுப் பேரில் ஒருவரும் மிச்சமில்லை.

“நான் என்ன பிழை விட்டனான் மாமி? படம் காட்டேக்கை எல்லாரும் சந்தோசமாத்தானே இருந்தவை?” என்று கேட்டாள். பதில் தெரிந்த நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

வெள்ளிக்கிழமை மகனோடு வேலை செய்கிறவரின் தாய் மோசம் போய்விட்டா. மகன் என்னையும் கூட்டிக்கொண்டு பிரேதம் பார்க்கப் போனான். திரும்பி வரும்போது நல்ல குளிர், சப்பாத்தெல்லாம் பனி. மருமகள் பாவம், எனக்குக் குளிருமென்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கையில் தரப் பார்த்தாள்.

“மேசையிலை வை பிள்ளை. என்னைத் தொடாதை. முழுகிப்போட்டு வாறன்.”

“இந்தக் குளிருக்கை தலைக்கு வாக்கப் போறியளே? சளி பிடிக்கும் மாமி.”

“செத்த வீட்டாலை வந்தால் முழுகத்தானே வேணும்?”

“நாளைக்கு முழுகுங்கோவன்.”

“முழுகாமல் எப்பிடிச் சாமி அறைக்கை விளக்கு வைக்கிறது? இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

அவள் சும்மா தலையாட்டினாள். அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளைக்கு இது உண்மையாகவே தெரியாது. இங்கே வளர்ந்தவளுக்கு ஆர் சொல்லிக் கொடுத்தது? குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கதவைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

“அந்த எட்டுப் பேருக்கும் உந்தச் செத்த வீட்டுத் துடக்குத்தான் பிள்ளை. விடியக் கல்லறைக்கை போட்டு, முழுகாமல் பின்னேரம் கோயிலுக்கை கால் வைக்கச் சொன்னால் ஆர் வருவினம்?”

“அது பூசை இல்லாத கோயில் மாமி!” என்றாள்.

“பூசை இல்லாட்டிலும் கோயில்தானே? அக்கா படத்தையே கும்பிட்டவ.”

நான் முழுகிவிட்டுத் தலைக்குத் துவாய் சுற்றிக்கொண்டு வர, அவள் விட்பிக்கு ரெலிபோன் எடுத்து வழிகாட்டியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிசன் முதலில் விளங்காமல் இரண்டு தரம் கேட்டாராம். பிறகு சிரித்தாராம், ஆனால் பகிடியாக இல்லை. பிரேதத்தைக் குளிப்பாட்டின ஆட்கள் பிறகு தாங்களும் குளிப்பது தங்களிடமும் உண்டு என்றாராம். கோயிலை விடியக்காலை முதல் ஆளாகப் போய்ப் பார்க்கலாம். திரும்பும் விமானத்துக்கு முதல் ஹொட்டலில் அறையெடுத்து எல்லாரும் முழுகலாம். ஒரு கரைச்சல்தான்: கல்லறைப் பள்ளத்தாக்கில் நடு மத்தியானம் அடுப்பு மாதிரி எரிக்கும், வயதானவர்கள் தாங்குவார்களா?

“வெயில் தாங்காத யாழ்ப்பாணத்து ஆக்கள் ஆரேன் இருக்கினமோ எண்டு கேள்” என்றேன். மருமகள் ரெலிபோனைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதை வைத்துவிட்டு, கலண்டரைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

“நீங்கள்தான் சொல்லவேணும் மாமி. நான் சொன்னால் எனக்கு உதுகளிலை என்ன தெரியுமெண்டு நினைப்பினம்.”

“ஐயோ, நானோ?”

“நீங்கள்தான்.”

முதல் வீட்டுக்கு எடுத்து, “ஹலோ” என்ற சத்தம் கேட்டதும் வைத்துவிட்டேன். இரண்டாம் தரமும் வைத்தேன். மூன்றாம் தரம் நம்பரை மாற்றி ஆறாம் மாடி அக்காவுக்கு எடுத்தேன்.

“அக்கா, ஒழுங்கு மாத்தியாச்சு. காலமை கோயில். பிறகு கல்லறை. பிறகு ஹொட்டலிலை முழுக்கு. அதுக்குப் பிறகுதான் பிளேன்.”

“சுடுதண்ணி வருமோ?”

“வருமாம்.”

“அப்ப சரி, என்ரை பேரை எழுது.”

“உங்கட பிறிட்ஜ் அக்கா?”

“அது நேற்று தன்ரபாட்டிலை ஓடத் தொடங்கிட்டுது” என்றா, கொஞ்சமும் கூசாமல்.

அக்கா சொன்ன பிறகு மற்றவர்களோடு கதைப்பது சுகமாக இருந்தது. காணாமற்போன பாஸ்போட் தலையணைக்குக் கீழே கிடந்தது. தலைச்சுற்று மாறியது. கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப்போயிற்று. மாசி முடிய மூன்று நாள் இருக்கையில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். மாஸ்டர் ஒருவர்தான் பாக்கி. எனக்கு அவரோடு கதைக்க நல்ல பயம். மருமகள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஒழுங்கைச் சொல்லி முடிக்கவும் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “தங்கச்சி, உந்தத் துடக்குக் கதையை ஆர் கிளப்பினது? துடக்கெண்டால் முப்பத்தொரு நாள். அந்தியேட்டிச் சடங்கோடை முடிஞ்சுது. உந்தச் சனம் செத்து மூவாயிரம் வரியம். எத்தினை அந்தியேட்டி முடிஞ்சுதெண்டு யோசிச்சுப் பாரும்.”

ஏழு வீட்டோடு கதைத்த துணிவோ என்னவோ, வாய் தானாகத் திறந்தது. “அந்த இளம் ராசாவை இன்னும் எடுக்கேல்லையே மாஸ்டர். பிரேதம் உள்ளுக்கை கிடக்குமட்டும் அது செத்த வீடுதானே?”

கோபித்துக்கொள்வாரோ என்று ரெலிபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். பிறகு ரெலிபோனே அதிரச் சிரித்தார்.

“சரித்திரம் படிப்பிச்ச எனக்கு இது தோன்றேல்லைப் பாரும்! ஆனால் தங்கச்சி, நான் துடக்குப் பாத்து நிக்கேல்லை. எனக்கு உண்மையாவே முழங்கால்தான். அந்தப் படியளைப் படத்திலை பாக்கவே நோகுது.”

எட்டுக் காரணத்தில் ஒன்று உண்மையாக இருக்குமென்று நாங்கள் ஒருவரும் நினைக்கவே இல்லை. மருமகளிடம் சொன்னேன். அவள் ரெலிபோனை வாங்கி, கோயில் சமதரைதான் என்றும், கல்லறைக்கு வெளியே நிழலில் இருக்க இடமுண்டு, தேத்தண்ணியும் வாங்கிக் குடிக்கலாம் என்றும் விளங்கப்படுத்திவிட்டு, திரும்ப என்னிடம் தந்தாள்.

“அப்பிடியெண்டால் நான் வாறன்” என்றார் மாஸ்டர். “மற்ற ஏழு பேரும் உள்ளுக்கை போய்த் துடக்காகி வரட்டும். நான் வெளியிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிறன். முழுகத் தேவையில்லாத ஆள் நான் ஒருத்தன்தான்!”

“அதெப்பிடி மாஸ்டர்? செத்த வீட்டு வாசலிலை கதிரை போட்டு இருந்திட்டு வந்தாலும் முழுகத்தான் வேணும்” என்றேன்.

பக்கத்தில் மருமகள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் எட்டாவது பெயரை எழுதினாள்.