டார்கா சாவ்சுக்கின் இருபது தோட்டா மேகசின்

டார்கா சாவ்சுக்குக்கு வலது கட்டைவிரல் போனது 2009 அக்டோபர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை. ஒரு கனோலா எண்ணெய்வித்து வயலில் நின்றுபோன அறுவடை இயந்திரத்தின் சங்கிலியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது யாரோ சாவியைத் திருப்பிவிட்டார்கள். விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, சங்கிலியை மாட்டி முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். அது சரியல்ல. சங்கிலியை மாட்டியது அவள் கணவன் நெஸ்டர். டார்கா பக்கத்தில் நின்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கைக்குழந்தையாகப் பார்த்தவன் நான். அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

அவளுடைய அப்பா மெட்ரோ 1956-ல் ஹார்டுவேர் கடையில் ஒரு த்ரீ நாட் த்ரீ வாங்கினார். அப்போதெல்லாம் ராணுவம் கழித்துக்கட்டிய துப்பாக்கிகள் கடை மூலையில் ஒரு பீப்பாயில் மண்வெட்டிகளைப்போல நிற்கும். கனடாவில், எங்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தில் பாதி வீடுகளுக்குத் துப்பாக்கி வந்தது அப்படித்தான். அந்தத் துப்பாக்கியால் மெட்ரோ எங்கள் பிர்ச் ஃபோர்டு துப்பாக்கி சுடும் சங்கத்தின் ஒரு நிமிடப் போட்டியை ஆறு முறை வென்றார். அவருக்குப் பிறகு டார்கா இரண்டு முறை வென்றாள்.

போட்டி ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு. பழைய ராணுவத் துப்பாக்கி மட்டும்தான் அனுமதி. படுத்துக்கொண்டு, இருநூறு மீட்டரில் வட்டம் வரைந்த ஒரு தட்டியைச் சுட வேண்டும். ஒரு நிமிடத்தில் வட்டத்துக்குள் எத்தனை அடி விழுகிறதோ அதுதான் கணக்கு. துப்பாக்கியின் அடியில் மாட்டும் மேகசின் என்ற பெட்டியில் பத்துத் தோட்டா இருக்கும். தீர்ந்ததும் ஐந்தைந்தாகத் தோட்டா கோத்த கிளிப்பைத் துப்பாக்கியின் மேல்வாயில் வைத்துக் கட்டைவிரலால் தோட்டாக்களை உள்ளே அழுத்த வேண்டும். விசில் ஊதிய பிறகு மேகசினைக் கழற்றக் கூடாது. பழைய சிப்பாய்களும் கழற்றியதில்லை.

டார்கா இடது கையால் அழுத்திப் பார்த்தாள். உள்ளங்கையால் முயன்றாள். நெஸ்டர் தோலில் ஒரு விரலுறை தைத்துக் கொடுத்தான். எதிலும் தோட்டா இறங்கவில்லை. 2010-ல் மேகசினில் இருந்த பத்தோடு சரி, ஒன்பது பட்டன.

எங்கள் விதிப்படி மூன்று வருடம் தொடர்ந்து பதினைந்தை எட்டாதவர்கள் உதவியாளர் ஆகிவிடுவார்கள். கொடி பிடிப்பது, தட்டி ஒட்டுவது, காபி ஊற்றுவது அவர்கள் வேலை. வயதானவர்களைப் புண்படுத்தாமல் ஒதுக்க வந்த விதி அது. டார்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

"காபி ஊத்துறதுக்கு இந்தக் கை போதும், ஆர்லோ," என்றாள் என்னிடம். "ஆனா நான் ஊத்த மாட்டேன்."

நீளமான மேகசின் என்ற யோசனை அந்தக் குளிர்காலத்தில் வந்தது. இருபது தோட்டாவையும் வீட்டிலேயே நிதானமாக நிரப்பிக்கொண்டு வந்துவிட்டால் கிளிப்பே தேவையில்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் இப்படிப்பட்ட நீள மேகசின் கொஞ்ச காலம் இருந்தது. ஆகவே விதி தடுக்காது என்று, போட்டியை நடத்துபவன் என்ற முறையில், பார்த்துச் சொன்னேன். அவள் இரண்டு மேகசின்களை வெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றை நேராகப் பற்றவைத்துக் கொண்டுவந்தாள்.

2011-ல் நாலாவது தோட்டா மூக்கைத் தாழ்த்திக்கொண்டு உள்ளேயே சிக்கியது. மூன்று குண்டோடு அவளுக்குப் போட்டி முடிந்தது. விதை வியாபாரி வெண்டெல் ஃப்ரித், தொடர்ந்து நான்காவது வருடமாக வென்றவன், பக்கத்து இடத்திலிருந்து எழுந்து அந்தப் பெட்டியைப் பார்த்தான்.

"டார்கா, இது துப்பாக்கியா, புகைபோக்கியா?"

"உன் வாய்க்கு வெக்கலாம்னுதான் பண்ணேன். அளவு பத்தல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கணக்கில் ஏழு பேரில் அவள்தான் கடைசி. கடைசியாக வருபவர்தான் மைதானத்தில் சிதறிய வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்க வேண்டும். அடுத்த வருடம் சுடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அவருக்குக் கடைசி முறைதான். வாளியோடு பொறுக்கிவந்து மேஜையில் கொட்டி, எண்ணுவதற்காகப் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்தாள். அங்கேதான் நின்றுவிட்டாள்.

த்ரீ நாட் த்ரீயின் தோட்டா அடியில் தடித்து, விளிம்பு கட்டி, நுனி நோக்கிச் சிறுக்கும். நாலைந்து வைத்தால் வரிசை நேராகத்தான் தெரியும். இருபதை நெருங்கியதும் அரிவாள்போல வளைந்து மேஜை விளிம்பை விட்டு விலகியது. இத்தனை வருடம் பத்துத் தோட்டா மேகசினோடு பழகிய எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. நேராகப் பற்றவைத்தபோது, நானும் பக்கத்தில் நின்று நன்றாயிருக்கிறது என்று சொன்னவன்தான்.

அடுத்த குளிர்காலம் முழுவதையும் அவள் வளைவுக்கே கொடுத்தாள். பழைய இயந்திரத்தின் தகட்டை அந்த வரிசையின்மேல் வைத்துக் கோடு கிழித்தாள். அடியிலிருந்து தள்ளும் சுருள்வில்லை மூன்று முறை மாற்றினாள். மே மாதம் சரளைக்கல் குழியில் மண்டியிட்டுச் சுட்டபோது இருபதும் தடையின்றி ஏறின. பிறகு படுத்துப் பார்த்தாள். மேகசின் தரையில் முட்டிக்கொண்டது. குழல் வானத்தைப் பார்த்தது. போட்டியிலோ படுத்துத்தான் சுட வேண்டும்.

அப்போது இது நெஸ்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜூலையில் நான் சுடும் இடங்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தபோது டார்கா வந்தாள். ஏழாம் இடத்தில் கோஃபர் என்கிற தரையணில் வளை தோண்டியிருக்கும். முழங்கை உள்ளே போய்விடும் என்று அந்த இடத்தை யாரும் எடுக்க மாட்டார்கள். டார்கா குப்புறப் படுத்து வளைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஆர்லோ, இத மூடப்போறீங்களா?"

மூடினால் மறுநாளே தோண்டிவிடுகிறது, விட்டுவிட்டோம் என்றேன்.

"விட்டதே நல்லது," என்று மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

2012 ஆகஸ்ட் பன்னிரண்டு. வெயில் நன்றாக இருந்தது, காற்று இல்லை. ஆறு பேரும் இடம் எடுத்த பிறகு ஏழாம் இடம் மிச்சமிருந்தது.

"உனக்காகவே காத்திருக்கு," என்றான் வெண்டெல். "கோஃபர் வீட்ல வாடகை கம்மிதானாம்."

"வாடகை நீதான் கட்டப்போற."

படுத்தாள். வளைந்த மேகசின் வளைக்குள் இறங்கியது. துப்பாக்கி தோளில் பொருந்தி நின்றது. வெண்டெல் அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் விசில் ஊதிவிட்டேன்.

மற்ற ஆறு துப்பாக்கிகளும் மடமடவென்று வெடித்தன. அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை டார்கா உள்ளங்கையால் தள்ளி இழுத்ததில் அவளுடையதுதான் மெதுவாக வந்தது. பத்தாவது குண்டுக்குப் பிறகு மற்றவர்கள் நிறுத்திக் கிளிப்பைத் தேடினார்கள். அவளுடையது நிற்கவில்லை. ஒரே சீராக, களத்தில் கதிரடிப்பதுபோல அது கேட்டுக்கொண்டே இருந்தது. பதினாறாவது வெடித்ததும் நெஸ்டர் தொப்பியைக் கழற்றினான். இருபதும் தீர்ந்து போல்ட்டைத் திறந்து வைத்தபோது நிமிடம் இன்னும் முடியவில்லை.

வெண்டெல் இருபத்துநான்கு சுட்டு, பத்தொன்பது பட்டிருந்தன. டார்காவின் தட்டியில் பத்தொன்பது துளைகள் ஐயத்துக்கு இடமில்லாமல் உள்ளே இருந்தன. இருபதாவது வட்டத்தின் விளிம்பில் இருந்தது. கோட்டைத் தொட்டால் உள்ளே என்பது விதி. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வெண்டெல் முன்னால் வந்து, தோட்டா ஒன்றைத் துளையில் செருகிக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"தொட்டிருக்கு," என்றான். "எழுதுங்க, ஆர்லோ. இருபது."

அன்று சங்கக் கூடத்தில் உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையும் வெங்காயமும் வெண்ணெயில் பொரிந்தன. வெற்றி பெற்றவர் எழுந்திருக்கக் கூடாது, மற்றவர்கள்தான் பரிமாற வேண்டும். டார்காவுக்குக் காபி ஊற்றியது நான். அவள் இரண்டாவது தட்டில் இருக்கும்போது, முழங்கால் எல்லாம் மண்ணாக வெண்டெல் உள்ளே வந்தான். பொறுக்கும் முறை அவனுடையதல்ல. இருந்தும் ஏழாம் இடத்து வெற்றுத் தோட்டாக்களைத் தன் தொப்பியில் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"இந்தா, வாடகை."

டார்கா எண்ணினாள். "பத்தொம்பதுதான் இருக்கு."

"ஒண்ண வீட்டுக்காரர் வளைக்குள்ள இழுத்துட்டுப் போயிட்டாரு. நான் கேட்டேன், தரல."

அடுத்த ஆகஸ்டில் முதலில் இடம் தேர்ந்தெடுக்கும் உரிமை டார்காவுக்கு வந்தது. ஏழு இடமும் காலியாக இருந்தன.

ஏழு என்றாள்.