மூன்றாவது தடவை

குத்ரத் தன் வாழ்நாளில் எதற்கும் முதல் தடவையிலேயே சரி என்று சொன்னதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த தேநீரைக்கூட மூன்றாவது தடவை நீட்டிய பிறகுதான் வாங்கினார். அதற்குள் அது ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. அந்த வீட்டுப் பெண், இப்போது அவர் மனைவி மஹீன், இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

எங்கள் ஈரான் ஆட்களிடம் இது அதிசயமில்லை. கொடுப்பவர் மூன்று தடவை சொல்ல வேண்டும், வாங்குபவர் இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது தடவையும் சொன்னால் மனதிலிருந்து வருகிறது என்று அர்த்தம். சொல்லாவிட்டால் அது வாய் உபசாரம். இருவரும் சிரித்துக்கொண்டே அவரவர் வழியில் போய்விடலாம், யாருக்கும் மானக்கேடு இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு நாடே நாகரிகமாகப் பொய் சொல்லிப் பிழைக்கிறது.

தெஹ்ரானின் தென்கோடியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே குத்ரத்துக்கு ஈரல் கடை இருந்தது. ஆட்டு ஈரலைச் சின்னத் துண்டுகளாக்கி, நடுநடுவே வால்கொழுப்பு செருகி, கம்பியில் கோத்துக் கரியில் வாட்டுவார். வலது கையில் கம்பி, இடது கையில் ஓலை விசிறி. உப்பை நெருப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் போடுவார், முன்னால் போட்டால் ஈரல் செருப்புத் தோலாகிவிடும். சாப்பிட்டவர்கள் காசை எடுக்கும்போது, "இருக்கட்டும், உங்களுக்கு இல்லாததா" என்பார். அவர்கள் வற்புறுத்துவார்கள், அவர் மறுப்பார், கடைசியில் காசு பெட்டிக்குள் விழும். ஒரே ஒரு நாள், எங்கோ மலைக்காட்டிலிருந்து பட்டாளத்துக்கு வந்திருந்த ஒரு பையன் அதை நிஜம் என்று நம்பி, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காசு கொடுக்காமல் போய்விட்டான். குத்ரத் அந்தக் கதையை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்தப் பையன் கண்ணில் ஒற்றிக்கொண்ட விதத்தை நடித்தும் காட்டுவார். தெருவே வயிறு வலிக்கச் சிரித்தது.

அதெல்லாம் போன ஜென்மம். டொராண்டோவுக்கு வந்த பிறகு அவர் பார்த்த வேலை பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பது. போன இலையுதிர் காலத்தில் கண் மங்கி, வண்டி ஓட்டும் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து நிலவறை வீட்டின் ஜன்னலருகே உட்கார்ந்து, வெளியே நடைபாதையில் போகிற பூட்ஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சும் குறைந்துபோயிற்று. சலவைக்கடையில் கால்சட்டைகளுக்கு ஓரம் மடித்துத் தைக்கும் மஹீன் வேலை முடிந்து வந்தால், காலையில் விட்டுப்போன அதே நாற்காலியில், அதே மாதிரி இருப்பார். இந்த மனுஷன் மறுபடி ஒரு அடுப்பின் முன்னால் நிற்காவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

அப்போதுதான் சியாமக் சட்டைகளைச் சலவைக்குக் கொண்டுவந்தான். வீடு விற்கும் தரகன், எங்கள் ஊர்க்காரன்தான், வாயில் தேன் ஒழுகும். 'ஆலை' என்று எல்லோரும் சொல்கிற அந்த உணவுக்கூடத்தில், அது பழைய மெத்தைத் தொழிற்சாலை, ஒரு ஈரல் கடை போட்டிருந்தான். வெள்ளைக்காரர்கள் புதுசாக எதையாவது தின்று படம் பிடிக்க அலைகிறார்கள் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மஹீனின் கணவர் இன்னார் என்று தெரிந்ததும், உஸ்தாத்தை அனுப்புங்கள் அக்கா, அந்தக் கடையே அவருடையது என்று உருகினான். சட்டையைத் திரும்ப வாங்க வந்தபோதும் அதையே சொன்னான். மூன்றாவது தடவை சொல்ல அவனிடம் அழுக்குச் சட்டை இருக்கவில்லை. மஹீன் இரண்டையே மூன்றாக எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவருடைய நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வாசலை மறித்து நின்றாள்.

"இந்த ஒரு தடவை நான் சொல்றதக் கேளுங்க. அவன் வான்னு சொன்னா, உடனே வரேன்னு சொல்லிடுங்க. நான் எதுக்கு, உங்களுக்குச் சிரமம், அந்தப் பாட்டெல்லாம் வேணாம். இந்த ஊர்ல பஸ்காரன்கூட ஒரு தடவைதான் கதவத் திறக்கறான்."

சரி என்றார். அதை அவள் மூன்று தடவை கேட்டு வாங்கினாள்.

ஆலையில் கூட்டம் பிதுங்கியது. திபெத்துக் கொழுக்கட்டைக்கு ஒரு வரிசை, கொரியாவின் கார அரிசிக் கேக்குக்கு ஒரு வரிசை, மெக்சிகோ ரொட்டிக்கு ஒன்று. கையில் தட்டோடு உட்கார இடம் தேடி அலைகிறவர்கள், கிடைத்ததும் தின்னாமல் அதைப் படம் எடுத்து ஆறப்போடுகிறவர்கள். குத்ரத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வழிவிட்டு வழிவிட்டு, சியாமக்கின் கடை முன்னால் போய் நின்றார். அடுப்பு எரிவாயு. ஈரல் ஏற்கனவே உப்பில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. வாட்டிக்கொண்டிருந்தவன் அதைத் தோசை போலத் திருப்பினான். அவருக்கு அழுகை வந்தது, ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது.

சியாமக் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். பக்கத்து மேஜையில் இருந்த தன் நண்பர்களிடம், தெஹ்ரானில் இவர் கைக்கு மந்திரிகள் வரிசையில் நின்றார்கள் என்று அளந்தான். மந்திரி யாரும் வந்ததில்லை, பேருந்து ஓட்டுநர்கள் வந்தார்கள். ஒரு கை பாருங்கள் உஸ்தாத் என்று அவனே அவர் இடுப்பில் ஏப்ரனைக் கட்டினான்.

பார்த்தார். உப்பிட்ட ஈரலைத் தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றினார். கொழுப்பைத் தனியாக நறுக்கிச் செருகினார். கம்பிகளை நெருக்கி அடுக்கி, விரல் நுனியால் உருட்டி உருட்டி வாட்டினார். விசிறி இல்லை, அதனால் ஒரு அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து வைத்துக்கொண்டார். எரிவாயுவுக்கு விசிறி எதற்கு? கை கேட்டது, அவ்வளவுதான். வாசனை போன வழியே கூட்டம் வந்தது. மதிய நேரம் முழுக்க நின்றார். முழங்கால் வலிக்கவில்லை, கண் மங்கலாக இல்லை. சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளில் ஜோக் அடித்தார், ஒரு பெண்மணிக்கு ரொட்டியால் கம்பியிலிருந்து ஈரலை உருவக் கற்றுக்கொடுத்தார். சியாமக் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டான். எதிர்ப்பக்கம் ஜமைக்காக் கோழிக் கடை வைத்திருந்த வெர்னா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் அவரையே பார்த்தாள். அவர் மகிழ்ச்சியாக இருந்தார். மறைக்கத் தெரியாத மகிழ்ச்சி.

கூட்டம் குறைந்ததும் சியாமக் அவரை நண்பர்கள் மேஜைக்கு அழைத்துப் போனான். நெஞ்சில் கை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"உஸ்தாத், எங்களையெல்லாம் வெக்கப்பட வெச்சுட்டீங்க. இனிமே அந்த அடுப்பு உங்களுது, கடையும் உங்களுது. நான் உங்க வேலைக்காரன். நாளைக்கே வந்து நில்லுங்க."

குத்ரத்தின் நாக்கு நுனிவரை அந்தப் பழைய பாட்டு வந்தது. வாசலை மறித்து நின்ற மஹீனின் முகம் நினைவுக்கு வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"வரேன். நாளைக்கே வரேன்."

மேஜையில் ஒருவன் கரண்டியைக் கீழே வைத்தான். சியாமக்கின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் வேறெங்கோ போயின. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருவன் தொடையில் தட்டினான்.

"பார்றா, உஸ்தாத் கனடாக்காரரா ஆயிட்டாரு!"

அவ்வளவுதான், மேஜை வெடித்துச் சிரித்தது. பின்னால் ஒருவன், கடைப் பத்திரத்தையும் இப்பவே எழுதிக் கொடுத்துடுடா என்றான். சியாமக் அவர்களைச் செல்லமாக அதட்டிவிட்டு, அவர் தோளில் கை போட்டுக் கடைப் பக்கம் நடத்திப் போனான். இப்போது ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள், கோடையில் பார்க்கலாம், நானே கூப்பிடுகிறேன் என்றான். போன் எண்ணைக் கேட்கவில்லை. ஏப்ரனின் முடிச்சை அவனே அவிழ்த்தான். ஆறிப்போன ஈரலில் கொஞ்சம் ஒரு பெட்டியில் போட்டு, அக்காவுக்கு என்று கையில் திணித்தான்.

குத்ரத் அசட்டுச் சிரிப்போடு எல்லோருக்கும் நன்றி சொன்னார். கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி. அந்தப் பட்டாளத்துப் பையனின் முகம் இத்தனை வருஷம் கழித்து, மூக்கின் மேலிருந்த மரு உட்பட, தெளிவாக வந்து நின்றது. அன்று தான் அவனைப் போல நடித்துக் காட்டியதெல்லாம் வந்து நின்றது. உடம்பெல்லாம் கூசியது. நாளைக்கு டொராண்டோவில் எங்கள் ஆட்களின் ஒவ்வொரு வீட்டிலும் தேநீரோடு இந்தக் கதையும் பரிமாறப்படும்.

முன்வாசல் வழியாகப் போக மனமில்லாமல் பின்பக்கம் போனார். அங்கே திறந்த முற்றத்தில், எண்ணெய் பீப்பாயை நெடுக்குவாட்டில் பிளந்து செய்த வெர்னாவின் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. கரி. நிஜக் கரி. கால்கள் தாமாக நின்றன.

வெர்னா இடுக்கியால் கோழிகளைப் புரட்டியபடி, வளைத்துப் பேசாமல் நேராகக் கேட்டாள்.

"மிஸ்டர், உங்க கையப் பாத்தேன். நெருப்பு தெரிஞ்ச கை. என் தம்பி முதுகு போய்ப் படுத்துட்டான், எனக்கு ஆள் வேணும். திங்கக்கிழமை வர்றீங்களா?"

எதிர்க் கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள். பாவப்பட்டுச் சொல்கிறாள், ஆறுதலுக்கு ஒரு வார்த்தை. இன்னொரு தடவை வாயைப் பிளந்துகொண்டு போய் விழ அவர் தயாராக இல்லை. நெஞ்சில் கை வைத்தார்.

"ரொம்ப நன்றிம்மா. நான் எதுக்கு, உங்களுக்குச் சிரமம்."

"சிரமமா? ஆள் இல்லாததுதான் சிரமம். வர்றீங்களா, இல்லையா?"

இரண்டாவது. குரலில் உபசாரம் தெரியவில்லை. இருந்தாலும் சியாமக்கின் குரலிலும்தான் தெரியவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் நிஜம் என்று தெரிந்துவிடும். அப்போது சொல்லிவிடலாம்.

"நீங்க கேட்டதே போதும்மா. மனசு நெறஞ்சிடுச்சு."

வெர்னா அவரை ஒரு கணம் பார்த்தாள். "சரி, உங்க இஷ்டம்" என்று கோழிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் போகவில்லை. கழுத்துத் துணியைச் சரிசெய்தார். கரி நல்ல கரி, மேப்பிள் மரத்துக் கரியா என்று கேட்டார். ஆமாம் என்றாள். பூட்ஸின் பனியைத் தட்டினார், ஒட்டாத பனியையும் தட்டினார். கேட்பாள். இப்போது கேட்பாள். வாயில் அந்த வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

மெக்சிகோ கடையில் பாத்திரம் கழுவுகிற ஆள் குப்பைப் பையோடு முற்றத்துக்கு வந்தான். வெர்னா அவனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து அடுப்பைப் பார்க்க வருகிறாயா என்று கேட்டாள். வரேன் என்றான். குப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. இந்தா, இப்பவே பழகு என்று இடுக்கியைக் கொடுத்தாள். கொழுப்பு சொட்டித் தீ குப்பென்று எழும்பியதும் அவன் பயந்து பின்வாங்கினான். குத்ரத்தின் கை தானாக முன்னால் போயிற்று.

"தள்ளி நில்லுங்க மிஸ்டர்," என்றாள் வெர்னா, அக்கறையாகத்தான். "கை சுட்டுக்கும்."

வீட்டில் மஹீன் குங்குமப்பூச் சோறு வடித்து, விருந்துத் துணியை விரித்து வைத்திருந்தாள். அவர் கோட்டைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"முதல் தடவையே வரேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னிக்கிலேருந்து?"

குத்ரத் ஜன்னலைப் பார்த்தார். "திங்கக்கிழமை."

மஹீன் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே இஸ்ஃபஹானில் இருக்கும் தங்கையை அழைத்துச் சொன்னாள். பிறகு பெட்டியைத் திறந்து, ஈரலை ரொட்டியில் சுற்றி அவரிடம் நீட்டினாள். அவர் முதல் தடவையிலேயே வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒருவழியாகத் திருந்திவிட்டீர்கள் என்றாள்.

ஈரல் ரப்பராகியிருந்தது. அவர் மென்றுகொண்டே இருந்தார். மஹீன் அவருடைய இன்னொரு சட்டையை எடுத்துவந்து, திங்கட்கிழமைக்காக இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள்.