சிவப்பு அம்புக்கு ஏற்ற அட்டை

ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனுஷர் என்பதால் அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்ததே அவருடைய கூட்டாளிதான். இரண்டு பேரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். பம்பரத்துக்கு உச்சியில் மோட்டார் அறை, கூட்டாளிக்கு அடியில் குழி. நடுவில் எத்தனை மாடி இருந்தாலும் கூட்டாளிக்குப் போன் தேவைப்பட்டதில்லை. "மேல ஆள் இருக்கா?" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் கட்டடமே திரும்பிப் பார்க்கும். "இருக்கேன், இருக்கேன்" என்று பம்பரம் சொன்ன பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரே பையிலிருந்து வெளியே வரும்.

அந்தக் கூட்டாளிக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. குரல் திரும்புமா என்று கேட்டால் மட்டும் டாக்டர் பிடிகொடுக்காமல் பேசினார். சேதி காதில் விழுந்ததும் பம்பரம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குத்தான் என்று மனைவி நினைத்தாள். அவர் போனது காகிதக் கடைக்கு.

"பூவும் புறாவும் போட்ட ரெடிமேட் கார்டு அவனுக்கு எதுக்கு? நானே வீட்ல பிரிண்ட் போடறேன்" என்றார் திரும்பி வந்து. படம் தயாராக இருந்தது. லிஃப்ட் பட்டனில் சிவப்பாக எரியும் மேல்நோக்கிய அம்பு, அவரே போனில் எடுத்தது. கீழே "மேலே வா" என்று எழுதியிருந்தார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கிற மனுஷன்கிட்ட மேலே வான்னா சொல்லுவாங்க?"

அசட்டுச் சிரிப்போடு "எழுந்து வா" என்று மாற்றினார். வார்த்தைக்கு ஆன நேரம் அவ்வளவுதான். அட்டைதான் அவரை ஆட்டிவைத்தது.

முதலில் வாங்கியது கனமான அட்டை. மகள் படிப்புக்காக வாங்கிய சின்னப் பிரிண்டர் அதை விழுங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. பிடித்துத் தள்ளியதில், ஓரத்தில் கறுப்புத் தீற்றலோடு சுருண்டு வந்து விழுந்தது. அதைத் தூக்கி மேஜைக்கடியில் போட்டார். அடுத்தது மெல்லியது. சமர்த்தாக உள்ளே போய் வந்தது, ஆனால் மடித்து நிறுத்தினால் நிற்காமல் சரிந்தது. படுத்திருக்கிறவனுக்குப் படுத்துக்கொள்ளும் கார்டா என்று அதையும் தள்ளினார். பளபளா அட்டையில் அம்பு நிஜமாகவே எரிந்தது. உள்ளே கையெழுத்துப் போட்டதும் பேனா மை காயாமல் விரலோடு வந்துவிட்டது. சொரசொர அட்டையில் சிவப்பு திட்டுத் திட்டாக இறங்கியது. மடிக்கிற பக்கம் தப்பிப்போனால் மடிப்பில் அச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழும் என்று கடைக்காரர் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து எந்த அட்டையைப் பார்த்தாலும் மூலையை வளைத்து வளைத்துப் பார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. கடைக்காரர் இவர் தலையைக் கண்டதும் பின்கட்டுக்கு நழுவ ஆரம்பித்தார்.

மனைவி தினமும் ஃபிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்தா என்னங்க?"

"கார்டு ரெடியாகட்டும். வெறுங்கையோடயா போறது?"

"அவர் கார்டா கேக்கறாரு? நான் உள்ள போனதும் விரலைச் சுத்திக் காட்டறாரு. பம்பரம் எங்கேன்னு அர்த்தம். நான் என்னத்தைச் சொல்ல?"

பம்பரம் எழுந்து ஜன்னலைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அவருக்குப் பயம். காசநோய் வார்டாக இருந்திருந்தால்கூடப் போய் நின்றிருப்பார். வாயைத் திறந்து சத்தம் வராமல் அவன் தன்னைப் பார்ப்பதைத்தான் அவரால் தாங்க முடியாது. வேலைக்குப் புதுக் கூட்டாளி ஒருவனை அனுப்பியிருந்தார்கள். அவன் குழியிலிருந்து போன் அடிப்பான். போன் அடித்தபோதெல்லாம் இவர் கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். வீட்டுக்கு வந்ததும் நேராகப் பிரிண்டரிடம் போய்விடுவார்.

இப்படியே இழுத்ததில் கூட்டாளியை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். அன்று காலையில்தான் பம்பரத்துக்குச் சரியான அட்டை கிடைத்திருந்தது. பளபளப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. அம்பு அளவாகச் சிவந்திருந்தது. மேஜைமேல் வைத்து ஸ்கேலால் மடிப்புத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தெருவிலிருந்து ஏதோ கேட்டது. கதவைத் தரையோடு இழுப்பது மாதிரி ஒரு கீறல் சத்தம். மறுபடி கேட்டது.

"மேல... ஆள் இருக்கா?"

பம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்கேல் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம், கார்டு மேஜைக்கடியில். குனிந்து கையில் அகப்பட்ட கார்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். இந்த லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த கூட்டாளி இப்போது கழுத்தில் கட்டோடு, பாதி ஆளாக, அடிப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இருக்கேன்... இருக்கேன்" என்றார் பம்பரம், மூச்சிரைக்க.

கார்டை நீட்டியபோதுதான் கவனித்தார். மேஜைக்கடியில் கிடந்த முதல் கார்டு அது. சுருண்டது, கறுப்புத் தீற்றல் விழுந்தது. கூட்டாளி அம்பைப் பார்த்தார். "எழுந்து வா"வைப் படித்தார். சட்டைப் பைக்குள் கொள்ளவில்லை என்று நடுவில் ஒரு மடிப்பு மடித்தார். அம்பின் நடுவே அச்சு வெடித்து வெள்ளைக் கோடு விழுந்தது. தடுக்கப்போன பம்பரத்தின் கை பாதியில் நின்றது.

"நான்தான்டா பேச முடியாமக் கெடந்தேன்" என்றார் கூட்டாளி, ஒவ்வொரு சொல்லாக. "உனக்கு என்ன கேடு?"

பம்பரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பயமா இருந்துச்சுடா. கூப்பிட மாட்டியோன்னு."

"கூப்பிட்டுட்டேன்ல? உக்காரு."

பம்பரம் படியில் உட்கார்ந்தார். மாடியிலிருந்து மனைவி இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.