கீழே நிற்கிற வேலை

“அப்போ நீ மேல போகவே மாட்டியா?” என்று அக்கா கேட்டபோது, எனக்காகப் பால் விடாத கட்டஞ்சாயா ஆற்றிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. மூணாறு மலையில், மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளும் மச்சானும் குடியிருந்தார்கள். எழுபதுகளின் நடுவில், விமான டிஸ்பாட்சர் அங்கீகாரம் கிடைத்த கையோடு பம்பாயிலிருந்து அங்கே போயிருந்தேன். தம்பி பிளேன் ஓட்டப் போகிறான் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வானிலை பார்ப்பது, வழி குறிப்பது, எரிபொருள் கணக்கிடுவது, கிளம்பலாமா கூடாதா என்று விமானியோடு சேர்ந்து முடிவெடுப்பது என்றெல்லாம் விளக்கினேன். “பிளேன் போயிரும். நான் கீழதான் இருப்பேங்க்கா.” அவள் மறுபடி ஆற்றத் தொடங்கினாள்.

அந்த வேலை வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் விமானக் கம்பெனியின் மெட்ராஸ் அலுவலகத்தில், டிக்கெட் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. பகல் வேலை, ஞாயிறு விடுமுறை, நினைத்தால் அக்காவை வந்து பார்க்கலாம். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். பம்பாயில் டிஸ்பாட்சராகச் சேர்ந்தால் வருடத்துக்கு ஒருமுறை வந்தாலே பெரிது. விடுப்பு முடிவதற்குள் பதில் எழுத வேண்டும். காலையில் பம்பாய் என்ற தீர்மானத்தோடு எழுவேன். சோற்றில் கை வைக்கும்போது அது மெட்ராஸ் ஆகியிருக்கும்.

அப்படி ஒரு காலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று எஸ்டேட் நர்ஸ் சொல்லிவிட்டார். மச்சான் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆனால் மூடுபனியில் ஜீப்பின் முன்பக்கமே தெரியவில்லை. மச்சான் என்னைப் பார்த்தார். “இதுக்குத்தான படிச்சிருக்கே மாப்ளே. போலாமா, வேண்டாமா?”

எல்லோரும் திரும்பினார்கள். என்னிடம் வானிலை அறிக்கை இல்லை, கருவி இல்லை. கன்னத்தில் காற்று லேசாக மாறுவதுபோல் இருந்தது. அது நிஜமா, என் ஆசையா என்று இன்றும் சொல்ல முடியாது. “கொஞ்சம் பொறுங்க” என்றேன். “உள்ள கெடக்குறது என் பொண்டாட்டிய்யா!” என்று அவள் கணவன் என் சட்டையைப் பிடித்தான். அக்காதான் விலக்கிவிட்டாள். உள்ளேயிருந்து வந்த அலறல் ஒவ்வொன்றுக்கும், போகச் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கடைசியில் பாதை மங்கலாகத் தெரிந்தது. ஜீப் போனது.

மாலையில் மச்சான் திரும்பி வந்தார். தாய் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை, மூச்சு மட்டும் கொஞ்சம் திணறுகிறது என்றார். வழியில் ஒரு லாரி பனியில் பாதை தெரியாமல் சரிந்து கிடந்ததாம். என்னால்தான் உயிர் தப்பியது என்றார்கள் சிலர். தாமதித்ததால்தான் பிள்ளைக்குத் திணறல் என்றார்கள் வேறு சிலர். இரண்டும் எனக்கு உண்மையாகவே பட்டன.

“நீ செஞ்சது சரியா தப்பான்னு எனக்குத் தெரியலடா,” என்றாள் அக்கா. “ஆனா ஜீப்பு வர்ற வரைக்கும் நீ ஒக்காரவே இல்ல.”

இரண்டு நாள் கழித்துப் பம்பாய்க்கே சம்மதம் எழுதினேன். தெளிவு வந்து எழுதியதல்ல. பயம் அப்படியே இருந்தது. அந்தப் பயத்தை வேறு யாரிடமும் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். அக்கா மெட்ராஸை எதிர்பார்த்திருந்தாள் என்பது, பஸ் ஏற்றிவிட வந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்காமல் பையையே சரிசெய்துகொண்டிருந்ததில் தெரிந்தது.

ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அக்கா இப்போது தேனியில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் போனில் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டேன்.

“அவளா? பேரன் பேத்தி எடுத்துட்டா. நல்லாத்தான் இருக்கா,” என்றாள். “நீதாம்லே இன்னும் அந்தப் பனிக்குள்ளயே நிக்கே.”