புரோஃபிராவின் கையும் நான் எழுதிய தாளும்

புரோஃபிராவுக்குக் கை சும்மா இருக்காது. மொல்தாவியாவில் எங்கள் ஊர்த் தையல் ஆலையில் இருபத்தாறு வருடம் எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள். என் தையலும் கோணல்தான். மேற்பார்வை அம்மாள் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் நான் தைத்த சட்டைக் காலரைப் புரோஃபிரா பிடுங்கிப் பிரித்து, நேராகத் தைத்து என் மடியில் போட்டுவிடுவாள். ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. என் வீட்டுக்காரர் இறந்தபோது மூன்று நாள் என்கூடவே இருந்தவளும் அவள்தான்.

ஆலை மூடிய பிறகு, மாதா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவளை வைத்தார்கள். பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு அப்பா அம்மா இத்தாலிக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். பள்ளி விட்டதும் வருவார்கள், ஆறு மணிவரை இருப்பார்கள். நான் தேநீர் போட்டு, பாத்திரம் கழுவி, அவளுக்குத் துணையாக இருந்தேன்.

போன வருடம் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து புது வழக்கம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். ஒருவர் பிள்ளைகளோடு இருக்கும்போது இன்னொருவர் மூலையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அதை வாசித்ததும், தான் எதை மாற்றிக்கொள்ளலாம் என்று பிள்ளைகளோடு இருந்தவரே சொல்ல வேண்டும். புரோஃபிராவுக்கு இது பிடித்துப்போயிற்று. "நான் எப்படி நடந்துக்கறேன்னு எனக்கே தெரியாதேடி அக்லாயா. நீ பாத்து எழுது. தேன் தடவாம எழுது" என்றாள்.

மார்ச் மாதம், நாற்பது இரத்தசாட்சிகள் திருநாளுக்காக நாற்பது ரொட்டி சுட்டு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். தவக்காலம், அதனால் பாலும் முட்டையும் சேராத மாவு. எங்கள் மொல்தாவியப் பக்கத்தில் அதை 8 என்ற எண்ணைப் போல முறுக்கிச் சுட்டு, தேன் பூசி, வால்நட் தூவுவோம். இலின்கா என்றொரு பெண், அதிகம் பேசமாட்டாள். அன்று முதல் ஆளாக வந்து கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நின்றாள். அவள் முறுக்கிய எட்டு ஒரு பக்கம் பிதுங்கியது. புரோஃபிரா "குடு கண்ணு" என்று வாங்கி முடித்து வைத்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அந்தப் பெண் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "அட, நான் என்ன திங்கவா போறேன்?" என்று சிரித்துக்கொண்டே அதையும் வாங்கிச் சரிசெய்தாள் புரோஃபிரா. மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். இலின்கா கையைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் போகும்வரை ஜன்னலோரம் நின்றாள்.

மூலையில் தாளோடு உட்கார்ந்திருந்த நான் இதையெல்லாம் பார்த்தேன். எழுதவில்லை.

அந்தத் தவக்கால வாரங்களில் தினமும் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டு, பிறர் குற்றம் பார்க்காத மனதைத் தா என்று கேட்பவள் நான். காலையில் அப்படிக் கேட்டுவிட்டு மாலையில் சிநேகிதியின் குறையை எழுதுவதா என்று தோன்றியது. என் காலர்களும் நினைவுக்கு வந்தன. 'எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவினாள். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை அதை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "அப்ப மாத்திக்க ஒண்ணுமே இல்லையா?" என்று அவள் ஏமாந்தவள் போலக் கேட்டாள். இல்லை என்றேன். தாளை ஃபைலில் வைத்தாள்.

அடுத்த வாரம் இலின்கா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று புரோஃபிரா தவித்தாள். அவளுக்காகக் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

பிறகு ரொட்டிக் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்து, ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"அங்க எனக்கு என்ன வேலை? எல்லாத்தையும் புரோஃபிரா அத்தையே செஞ்சுடறாங்களே" என்றாள். பிறகு, "நீங்க அன்னிக்கு எழுதிட்டிருந்தீங்களே அத்தை. நீங்க பாத்தீங்க. அதை அவங்க படிச்சாங்களா?" என்று கேட்டாள்.

அவள் என் தாளை நம்பிக் காத்திருந்திருக்கிறாள். ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வைத்து புரோஃபிராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆலையிலயும் இப்படித்தான் பிடுங்கினேனா?"

"ஆமா."

"உனக்குக் கஷ்டமா இருந்துச்சாடி?"

இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் ஏற்கனவே ஒரு பொய் எழுதியிருந்தேன். "இருபத்தாறு வருஷம் ஆகியும் எனக்கு ஒரு காலர் தைக்கத் தெரியாது, புரோஃபிரா" என்றேன்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு இலின்கா வீட்டுக்குப் போனாள். நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் இலின்கா வந்தாள். மறுபடியும் மாவு, இந்த முறை ஈஸ்டர் ரொட்டிக்குப் பின்னல் போடுகிற வேலை. நான் மூலையில் உட்கார்ந்து எழுதினேன்: 'புரோஃபிரா கைகளை ஏப்ரன் பைக்குள் வைத்திருந்தாள். இலின்காவின் மாவுப் பின்னல் பிரிந்தது. புரோஃபிராவின் வலது கை வெளியே வந்தது. திரும்ப உள்ளே போனது. இலின்கா தானே மறுபடி பின்னினாள். கோணலாக வந்தது.'

மார்ச்சில் எழுதிய அந்தப் பொய்த் தாளைக் கிழித்துவிடட்டுமா என்று புரோஃபிராவிடம் கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். வெள்ளிக்கிழமைதோறும் ஃபைலைத் திறக்கும்போது முதலில் தெரிவது அவள் மேலேயே வைத்திருக்கும் அந்தத் தாளும் அதில் என் கையெழுத்தும்தான்.