அம்மாவின் பெயரில் என் ரத்தம்

அம்மாவை நான் அடித்திருக்கிறேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? கன்னத்தில், இரண்டு முறை, அவளுக்கு ஊட்டிய அதே கையால்.

மாவுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற எழுபதுகள் அவை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில் இருந்தோம். அம்மாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். முதலில் ரொட்டி இறங்கவில்லை, பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. பெரியாஸ்பத்திரி சர்ஜன் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அல்புமின் என்றார். ரத்தத்தில் இருக்கும் புரதமாம். அது இவ்வளவு குறைந்த உடம்பை வெட்டினால் உள்ளே போட்ட தையல் ஒட்டாது, ஆள் பிழைக்காது என்றார். ஒரு மாதத்தில் அதைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஆபரேஷன், இல்லாவிட்டால் இல்லை.

அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டில் சண்டைதான். முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலக்கி, அம்மாவின் தாடையை நெரித்துத் திறந்து ஊற்றுவேன். அவள் துப்புவாள், என் மணிக்கட்டைக் கடிப்பாள்.

"முழுங்கு! முழுங்கலேன்னா செத்துப் போயிருவ!" என்று கத்திக்கொண்டே அறைந்தேன்.

"நீயே கொன்னுருடி," என்றாள். துப்பியதில் ரத்தம் இருந்தது. அப்பா கிண்ணத்தைப் பிடுங்கிச் சுவரில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு அம்மா மேல் அப்படி ஓர் ஆத்திரம். வாழ மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள் என்றே நினைத்தேன்.

தவணை முடிந்தபோது அவளால் பஸ் ஏற முடியவில்லை. ரத்தச் சோதனைக்கு எழுதித் தந்த துண்டோடு நான் மட்டும் டவுனுக்கு, பெரியாஸ்பத்திரிக்குப் போனேன், இன்னும் சில நாள் கெஞ்சிக் கேட்கலாம் என்று. ரத்தம் எடுக்கும் வரிசையில் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கையை நீட்டிவிட்டேன்.

ஏமாற்று என்று அப்போது தோன்றவில்லை. அம்மாவுக்கு முடியாத நாட்களில் நான் பறித்த கொழுந்தை அவள் பெயரில்தான் நிறுத்துக் கொடுப்பேன். தோட்டத்தில் எல்லோரும் செய்வதுதான், வேலையை மேற்பார்க்கும் கங்காணியும் கண்டுகொள்ள மாட்டார். கொழுந்தைக் கொடுக்கலாம் என்றால் ரத்தத்தைக் கொடுக்கக் கூடாதா?

ஊசி குத்தியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் ரத்தத்தில் புரதம் தாராளமாக இருந்தது. அந்தத் தாளோடு அம்மாவைத் தோட்டத்து லொறியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். சர்ஜன் அம்மாவின் எலும்பு துருத்திய நெஞ்சைப் பார்த்தார், தாளை இரண்டு முறை பார்த்தார், கடைசியில் தாளை நம்பினார்.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் உள்ளே தையல் பிரிந்தது. கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கி உலுக்கி அம்மா அலறினாள். நெஞ்சுக்குள் சீழ் பரவி, இரண்டு நாளில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் அடித்தார். தோளில், முதுகில், நான் கீழே விழுந்த பிறகும் அடித்தார். நான் தடுக்கவில்லை. கொலைகாரி என்ற ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தேன். அவர் கத்தியை வீசிவிட்டு, மூச்சிரைக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? என் ரத்தம் ஒன் ரத்தத்தவிட தெம்பானதுடி. நான் குடுத்திருந்தா அவ பொழைச்சிருப்பாளே!"

சாகும்வரை அவர் அப்படித்தான் நம்பினார். என் ரத்தம் அம்மாவின் உடம்புக்குள் போகவேயில்லை, சோதனைத் தாளில் மட்டுமே ஏறியது என்று நான் திருத்தவில்லை.