நெஞ்சிலை ஒரு கணக்கு, கையிலை ஒரு கணக்கு

என்ரை மனுசிக்கு இதயம் ஒழுங்காய் அடிக்காது. சின்ன வயசிலை வந்த வாதக் காய்ச்சல் ஒரு வால்வைப் பழுதாக்கிப் போட்டுதாம். அதுக்குப் பிறகு அந்த இதயம் கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நடக்கும், நினைச்ச இடத்திலை நிண்டு பாக்கும். "உம்மடை கறிக்கு உப்புப் போடுற மாதிரித்தான் இதுவும். ஒருநாள் கூட, ஒருநாள் குறைய" எண்டு நான் பகிடி விடுவன். அடுத்தநாள் கறியிலை உப்பே இருக்காது.

நான் கணக்கு வாத்தி. தொண்ணூறுகளின்ரை தொடக்கம் அது. சண்டையாலை பெற்றோல் இல்லை, பஸ்ஸை நம்பேலாது. நீர்வேலியிலை இருந்து பட்டினத்து ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் என்ரை சைக்கிள் கரியரிலைதான் அவ போறவ. சோளகக் காலத்திலை தென்மேல் காத்து முகத்திலை அறையும். நான் எழும்பி நிண்டு மிதிப்பன். இருபாலையைத் தாண்டேக்கை பின்னாலை குரல் கேக்கும்.

"இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ. எனக்கு மூச்சு வாங்குது."

"மிதிக்கிறது நான். மூச்சு வாங்கிறது உமக்கோ?"

"ஓமப்பா. கொஞ்சம் இருந்திட்டுப் போவம்."

ஒரு மதில் நிழலிலை இருப்பம். உள்ளதைச் சொன்னால், அந்த இருப்பு எனக்கும் வேண்டிக் கிடந்தது. ஐம்பத்தெட்டு வயசு, எதிர்க்காத்து, வேறை என்ன எண்டு நினைச்சுக்கொள்ளுவன்.

கிளினிக் விறாந்தையிலை ஒரு நீள வாங்கு. அதின்ரை ஓரத்திலை எப்பவும் குருநகர் அண்ணை ஒருத்தர் இருப்பார். வலை இழுத்த வலக்கை அவற்றை மடியிலை சும்மா கிடக்கும். "நெஞ்சு தாளம் தப்பி அடிக்குதெண்டு எனக்குத் தெரியாது தம்பி. ஒரு காலமை எழும்பினன், கை எழும்பேல்லை" எண்டு ஒருக்கால் சொன்னவர். எனக்குக் கவலையாய்த்தான் இருந்தது. ஆனால் அது அவற்றை கதை, எனக்கென்ன எண்டு இருந்திட்டன்.

டொக்டர் இளம்பொடியன். இடைக்கிடை வெளியிலை வந்து வாங்கிலை இருக்கிற எல்லாருக்கும் ஒரு பாடம் எடுப்பார். "இந்தத் தாறுமாறான துடிப்புப் புதினமில்லை. இதய வருத்தக்காரர் கூடுற எந்த இடத்திலையும் இது கனபேருக்கு இருக்கும். வயசு போகப் போகக் கூடும். பிரஷர், நீரிழிவு, வால்வுப் பழுது, தைரொயிட், குடி, உடம்புப் பருமன் எல்லாம் இதைக் கொண்டுவரும்."

நான் அதுகளை அந்த இடத்திலையே பங்கு பிரிச்சன். வால்வு எங்கடை மனுசிக்கு. குடி குருநகர் அண்ணைக்கு. பருமன் முன்னுக்கு இருந்த ஒரு அம்மாவுக்கு. எனக்கெண்டு ஒண்டும் மிஞ்சேல்லை. ஏழு வருசத்துக்கு முந்தி ஒரு டொக்டர் எனக்குப் பிரஷர் கூட எண்டு குளிசை எழுதித் தந்ததையும், நான் ரெண்டு கிழமையிலை அதைக் கைவிட்டதையும் அந்தக் கணக்கிலை சேர்க்கேல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கள்ளையும் சேர்க்கேல்லை. பனையிலை இருந்து வாறது எப்பிடிக் குடியாகும்?

டொக்டரின்ரை அறைக்குள்ளை நான் போறேல்லை. ஒவ்வொரு தரமும் அவ கூப்பிடுவா. "எனக்கென்ன வருத்தமோ?" எண்டிட்டுத் தேத்தண்ணிக் கடைக்கு நடந்திடுவன். ஒருநாள் மட்டும் அவ சுவரைப் பிடிச்சுக்கொண்டு, "தலை சுத்துது, என்னைப் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" எண்டா. பதறிப் போய்க் கூட்டிக்கொண்டு போனன். உள்ளுக்கை போனதும் ஆள் நிமிர்ந்திட்டா.

"டொக்டர், இவற்றை கையை ஒருக்கால் பாருங்கோ."

அட, என்ன கள்ளத்தனம்! நான் வெளியிலை போக முந்தி டொக்டர் மணிக்கட்டைப் பிடிச்சிட்டார். பிடிச்ச கையை விடேல்லை. பிறகு நேர்ஸைக் கூப்பிட்டார். அவர் நெஞ்சிலை குழாயை வைச்சார், நேர்ஸ் கையைப் பிடிச்சா, ஒரே மணிக்கூட்டைப் பாத்து ரெண்டு பேரும் ஒரு நிமிசம் எண்ணிச்சினம். அவர் நூற்றிப் பதினெட்டு எண்டார். நேர்ஸ் எண்பத்தாறு எண்டா.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. "ஒரு ஆளுக்கு ஒரு இதயம்தானே. ஆரோ பிழை விட்டிட்டியள். திருப்பி எண்ணுங்கோ" எண்டன், வகுப்பிலை பொடியளுக்குச் சொல்லுற அதே குரலிலை. பாவம், ஆள் மாறி நிண்டு எண்ணிச்சினம். திரும்பவும் நெஞ்சிலை கூட, கையிலை குறைய.

"எண்ணினதிலை பிழையில்லை ஐயா" எண்டார் டொக்டர். "சில துடிப்புக் கைவரைக்கும் வாற பலமில்லாமல் இடையிலை நிண்டுபோகுது. இந்த அம்மாவின்ரை வருத்தம்தான் உங்களுக்கும். இதயத்தின்ரை மேல் அறை ஒழுங்காய்ச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டு இருக்கும். அங்கை ரத்தம் தேங்கி உறைஞ்சு மூளைக்குப் போனால் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்திடும்."

மடியிலை கிடந்த அந்த வலக்கைதான் கண்ணுக்கு முன்னாலை வந்தது. சோக்குப் பிடிக்கிற என்ரை கையைப் பாத்தன். விரலை மடக்கி நீட்டிப் பாத்தன்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" எண்டன்.

"கனபேருக்குத் தெரியாது. நல்லகாலம், அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நாலு மாதமாய் உங்களைக் கூட்டிவாறன் கூட்டிவாறன் எண்டு சொல்லுறா. அவவுக்கு மூண்டு மாதத்துக்கு ஒருக்கால் வந்தால் போதும் எண்டு நான் சொல்லியும் கேக்காமல் மாதாமாதம் வந்தவ."

நான் அவவைப் பாத்தன். அவ சீலைத் தலைப்பைப் பாத்தா.

"கரியரிலை உங்களைப் பிடிச்சுக்கொண்டுதானே வாறனான்" எண்டா. "என்ரை நெஞ்சு எப்பிடித் துள்ளும் எண்டு எனக்குத் தெரியாதோ? அது உங்கடை முதுகிலை துள்ளிச்சுது."

மதில் நிழலிலை மூச்சு வாங்கினது ஆருக்கெண்டு அப்பதான் என்ரை மண்டைக்கு ஏறிச்சுது. வெட்கமாய்ப் போச்சு.

குளிசை எழுதின துண்டோடை வெளியிலை வந்தம். மிதிக்க வேண்டாம் எண்டிட்டினம். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தம். எனக்குக் கோவம்.

"முதலே சொல்லியிருக்கலாமே?"

"நாலு தரம் சொன்னனான். நாலு தரமும் பகிடிதான் விட்டியள்."

நல்லூர் தாண்டுமட்டும் சைக்கிளை உருட்டினன். பிறகு நான் நிண்டிட்டன்.

"எனக்குப் பயமாய்க் கிடக்கப்பா" எண்டன். கலியாணம் கட்டி இருபத்தொன்பது வருசத்திலை அவவுக்கு முன்னாலை நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல்.

அவ சைக்கிள் கைபிடியின்ரை மற்றப் பக்கத்தைப் பிடிச்சா.

"நான் நாலு மாதமாய்த் தனியப் பயந்துகொண்டு இருக்கிறன். இண்டைக்குத்தான் துணைக்கு ஓராள் வந்திருக்கு. நடவுங்கோ."